சிலைடு ஓடுகிறது, சேதி போய்ச் சேருகிறதா?

சிலைடு என்பது நம் வாசகர்களுக்குப் புதிய விஷயம் அல்ல. அந்தக் காலத்தில் சினிமாக் கொட்டகையில் படம் தொடங்கும் முன்பு பார்த்திருப்பார்கள். கண்ணாடித் துண்டில் எழுதிய விளம்பரம் திரையில் பெரிதாக விழும். ஜவுளிக்கடை, பல்பொடி, "புகை பிடிக்காதீர்கள்", "இடைவேளை" எல்லாம் சிலைடுதான்.

கண்ணாடி போய்விட்டது. இப்போது கம்ப்யூட்டரில் தயாரிக்கிறார்கள். புரொஜெக்டர் வைத்துச் சுவரில் காட்டுகிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் சிலைடுதான்.

இது இன்று போகாத இடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சிலைடு. ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்குச் சிலைடு. காசிமேட்டில் மீனவர்களுக்குக் கடல் பாதுகாப்புச் சிலைடு. திருவொற்றியூர், மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளில் வேலையாட்களுக்குச் சிலைடு. புதிய ஆலை வரப்போகிறது என்றால் ஊர் ஜனங்களைக் கூட்டி வைத்துச் சிலைடு.

காட்டுகிறார்கள். சரி, புரிகிறதா?

பல கூட்டங்களில் நடப்பது இதுதான். ஒரு சிலைடில் 15 வரி. எறும்பு ஊர்வதுபோல் எழுத்து. பாதிக்குமேல் ஆங்கிலம். நடுவே கோடு கோடாக ஒரு வரைபடம். பேசுகிறவர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையைப் பார்த்துப் படிக்கிறார். அரைமணி நேரத்தில் 40 சிலைடு ஓடிவிடும். பிறகு டீ, பிஸ்கட். வந்த தாய்மார்கள் எழுந்து போய்விடுகிறார்கள். "விழிப்புணர்வுக் கூட்டம் நடைபெற்றது" என்று பதிவேட்டில் ஏறிவிடும்.

இது போதாது. பொதுமக்களுக்குக் காட்டும் ஒவ்வொரு சிலைடிலும் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று, பார்த்தவுடன் தெரிகிற அடையாளப் படம், அதாவது சின்னம். இன்னொன்று, அதன் பக்கத்திலேயே தமிழில் ஒரு சிறு விளக்க வரி. படித்தவர்கள் பெரிய மனது வைத்துச் செய்கிற உபகாரமாக இதை நாம் கேட்கவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இருக்கிற ஜனங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

நள்ளிரவில் வந்த வாயு

2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி இரவு நடந்ததை நினைத்துப் பாருங்கள். எண்ணூரில் உள்ள கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் குழாய் கடலுக்கு அடியில் போகிறது. அந்தக் குழாயில் கசிவு ஏற்பட்டது. நள்ளிரவு நேரம். பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி விழித்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் கிடைத்த திசையில் போனார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

எந்தப் பக்கம் ஓடுவது? அம்மோனியா காற்றோடு போகும். காற்று போகிற திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரையும். ஆகையால் ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் கொஞ்சம் தப்பலாம்.

இந்த இரண்டு விஷயத்தையும் ஒரு குழந்தைக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நடு ராத்திரியில், கண் எரியும்போது, யாரும் புத்தகத்தைப் புரட்டமாட்டார்கள். என்றோ பார்த்த படம்தான் அப்போது மனசில் வரும்.

சொல்ல வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. 1984-ல் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு, 1989-ல், ஆபத்தான ரசாயனங்களுக்கென்று மத்திய அரசு விதிகள் செய்தது. ஆலைக்கு வெளியே வசிக்கிற ஜனங்களுக்கும் ஆபத்து என்ன, விபத்து நடந்தால் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை ஆலை நடத்துகிறவர்கள் தெரிவிக்க வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று.

தெரிவிப்பது என்றால் என்ன? "அம்மோனியா வாயுக் கசிவு ஏற்படும் பட்சத்தில் பாதிப்புக்குள்ளாகும் பகுதியினின்றும் காற்றின் திசைக்குச் செங்குத்தாக வெளியேறுதல் உகந்தது" என்று ஒருவர் சிலைடு போடலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. தமிழும் சுத்தமான தமிழ்தான். ஆனால் அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த சிலைடு வந்துவிடும்.

அதையே இப்படிக் காட்டலாம். ஒரு வீடு. வாசலில் கொடியில் காயும் சேலை ஒரு பக்கமாகப் பறக்கிறது. அதே பக்கமாக ஒரு பெரிய நீல அம்பு. அம்புக்குப் பக்கத்தில் "காற்று" என்று ஒரே சொல். ஒரு தாய் குழந்தையுடன் அம்புக்குக் குறுக்கே நடக்கிறாள். அவள் தலைக்கு மேலே விளக்க வரி: "காற்றுக்குக் குறுக்கே போங்கள்." அடுத்த சிலைடில் ஒரு முகம், மூக்கில் ஈரத் துணி, சொட்டும் நீர். "ஈரத் துணியால் மூக்கை மூடுங்கள்."

கசிவு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து, வெளியேறாமல் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பதும் சில சமயம் நல்லது. எப்போது எது என்பதை அதிகாரிகள் முன்கூட்டியே தீர்மானித்து, அதற்கும் ஒரு சின்னம் வைக்க வேண்டும். கதவு சாத்திய வீடு என்றால் உள்ளே. கதவு திறந்த வீடும் நடக்கும் மனிதனும் என்றால் வெளியே. சங்கு ஊதும்போது குழப்பம் இருக்கக்கூடாது.

கூண்டு சொல்லும் பாடம்

சின்னம் மட்டும் இருந்தால் போதாதா, எழுத்து எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குத் துறைமுகத்துப் புயல் கூண்டே பதில்.

புயல் வரும்போது "7-ம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்று பத்திரிகையில் படிக்கிறோம். பகலில் கொடிமரத்தில் கூம்பு வடிவமும் உருளை வடிவமும் தொங்கவிடுவார்கள். இரவில் சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும். நம் நாட்டில் 1865-ல் கல்கத்தா துறைமுகத்தில்தான் புயல் எச்சரிக்கை ஏற்பாடு முதன்முதலாக வந்தது. கடலுக்குப் போகிற ஒருவனுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. கரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் போதும். அருமையான ஏற்பாடு.

ஆனால் மொத்தம் 11 எண்கள். எண் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. 1, 2 என்பவை தூரத்துக் கடலில் உள்ள நிலைமையைச் சொல்பவை. 5, 6, 7 மூன்றும் ஏறக்குறைய ஒரே வலுவுள்ள புயலைக் குறிப்பவை. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். துறைமுகத்தின் மேலேயே, அல்லது மிக அருகே கடக்கும் என்றால் 7. கடும் புயலுக்கு 8, 9, 10 என்று அதே கணக்கு. 11-ம் எண்ணுக்கு இன்னும் பயங்கரமான புயல் என்று அர்த்தம் இல்லை. வானிலை நிலையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம்!

வடிவம் கண்ணை இழுக்கும். அர்த்தத்தைச் சொல் சொல்ல வேண்டும். காசிமேட்டில் காட்டும் சிலைடில் 7-ம் எண் கூண்டின் படத்தைப் போட்டு, "புயல் நம் துறைமுகத்தையே தாக்கலாம்" என்று பக்கத்தில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அதோடு மீனவர்களின் சொல்லையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். "வடக்குக் காற்று" என்பதைவிட "வாடை" என்றால் காசிமேட்டில் சட்டென்று புரியும்.

நமக்குப் பழக்கமானதுதான்

படமும் எழுத்தும் சேர்ந்து ஜனங்களுக்குச் சேதி சொல்வது நம் நாட்டில் இன்று நேற்று வந்ததல்ல. 1951-52-ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள். அந்தச் சமயத்தில் நாட்டில் எழுத்தறிந்தவர்கள் 100-க்கு 18 பேர்தான். தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் என்ன செய்தார்? ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. பெட்டி மேல் ஒரு சின்னம். எருதும் குடிசையும் மரமும் பார்த்து ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். இன்று ராயபுரம் கல்மண்டபத்தில் பத்து வயதுப் பையனைக் கேளுங்கள். எல்லாக் கட்சிச் சின்னமும் சொல்வான்.

அதற்கும் முன்னால் ஊமைப் படக் காலம். திரையில் நடிகர்கள் வாயசைப்பார்கள். நடுநடுவே எழுத்து அட்டை வரும். படிக்கத் தெரியாத ஜனங்களுக்காகத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று அதை உரக்கப் படித்துக் கதை சொல்வார். படம், எழுத்து, குரல் மூன்றும் ஒன்று சேர்ந்தன. இன்றைய சிலைடுக்காரர்கள் அந்த மனிதரிடம் பாடம் கேட்கலாம். விளக்க வரியை எழுதிவிட்டுச் சும்மா நிற்கக்கூடாது. நிறுத்தி, நிதானமாக, உரக்கப் படிக்க வேண்டும். கண் தெரியாதவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்குப் படத்தில் என்ன இருக்கிறது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டிலும் இந்த யோசனை உண்டு. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1925-ல் ஆட்டோ நியூராத் என்பவர் ஒரு மியூசியம் தொடங்கினார். வீட்டு வசதி, நோய், தொழில் என்று நகரத்துப் புள்ளிவிவரங்களைச் சாதாரணத் தொழிலாளிக்குப் புரிய வைக்கச் சின்னங்களை உபயோகித்தார். அதிகம் என்று காட்ட, ஒரு மனிதச் சின்னத்தைப் பெரிதாக்கவில்லை. அதே அளவுச் சின்னங்களை வரிசையாக அதிக எண்ணிக்கையில் போட்டார். எண்ணிப் பார்த்தால் கணக்குத் தெரியும்.

தெரிந்த படமா, தெரியாத படமா?

சின்னம் போட்டுவிட்டால் எல்லாருக்கும் புரிந்துவிடும் என்று நினைத்துவிடக்கூடாது. கதிர்வீச்சு ஆபத்துக்கு உலகமெங்கும் ஒரு சின்னம் உண்டு. மூன்று இதழ் கொண்ட மின்விசிறிபோல் இருக்கும். அதைப் பார்த்தால் சாதாரண ஆளுக்கு ஆபத்து என்று தோன்றுமா? ஃபேன் என்றுதான் தோன்றும். சர்வதேச அணுசக்தி முகமை இதை யோசித்தது. இந்தியா உள்பட 11 நாடுகளில் 1,650 பேரிடம் படங்களைக் காட்டிச் சோதித்தது. 2007-ல் கூடுதலாக ஒரு புதிய சின்னம் வந்தது. சிவப்பு முக்கோணத்தில் கதிர்கள், மண்டை ஓடு, ஓடும் மனிதன். யாரும் சொல்லாமலே புரியும்.

நம் ஊர்ச் சிலைடுகளையும் இப்படிச் சோதிக்கலாம். பெரிய செலவு இல்லை. கூட்டத்துக்கு முதல் நாள், மீன் விற்கும் ஓர் அம்மாளையும், ஆலைக் காவலாளி ஒருவரையும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். "இது என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள். அவர்கள் விழித்தால் தப்பு சிலைடில் இருக்கிறது. மாற்றி எழுதுங்கள்.

சுகாதாரப் பிரசாரம் செய்கிறவர்கள் சொல்லும் பழைய கதை ஒன்று உண்டு. ஒரு கிராமத்தில் கொசுவைத் திரை முழுக்கப் பெரிதாகக் காட்டினார்களாம். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர், "நல்ல வேளை, எங்கள் ஊர்க் கொசு இவ்வளவு பெரிசு இல்லை" என்றாராம். கதையாகவே இருக்கட்டும். கொசுவுக்குப் பக்கத்தில் ஒரு விரலைக் காட்டியிருந்தால் இந்த வம்பு இல்லை.

நிறத்திலும் எச்சரிக்கை தேவை. சிவப்பு ஆபத்து, பச்சை பத்திரம் என்று நிறத்தை மட்டும் நம்பிச் சிலைடு போடுகிறார்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஆண்கள். உணவுப் பொட்டலத்தில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளி என்று இருந்ததே, அதிலும் இந்தச் சிரமம் இருந்தது. 2020-ல் வந்த புதிய விதியில் அசைவத்துக்குப் புள்ளிக்குப் பதில் முக்கோணம் என்று மாற்றினார்கள். நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் சொல்லிவிடும். சிலைடிலும் அப்படியே. செய்யக்கூடாததற்குச் சிவப்பு மட்டும் போதாது. குறுக்கே ஒரு கோடும் போடுங்கள். "செய்யாதீர்கள்" என்று எழுதவும் செய்யுங்கள்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். ஒரு சிலைடில் ஒரு சேதி. விளக்க வரி ஐந்தாறு சொற்களுக்கு மேல் வேண்டாம். அதைப் படத்தின் மேல்பக்கம் போடுவது நல்லது. கீழே போட்டால் முன்வரிசைத் தலைகள் மறைத்துவிடும். பகல் வெளிச்சத்தில் பந்தலில் காட்டுவதானால் வெள்ளைத் தரையில் கறுப்பு எழுத்து. கடைசி வரிசையில் நின்று நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். படங்களை வரிசையாகக் காட்டினால் 1, 2, 3 என்று எண் போடுங்கள். இடமிருந்து வலம் பார்ப்பது படித்தவர்களின் பழக்கம். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் பஸ் நம்பரும் ரூபாய் நோட்டும் தெரியும்.

உங்கள் வீடு எங்கே?

கருத்துக் கேட்புக் கூட்டங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆலை, துறைமுகம், மின்நிலையம் போன்ற பெரிய திட்டங்கள் பலவற்றுக்கு ஊர் ஜனங்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கை சொல்கிறது. கூட்டத்தின் தொடக்கத்தில் கம்பெனியின் பிரதிநிதி திட்டத்தை விளக்கிக் காட்ட வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் கொடுக்க வேண்டும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் விளக்க வேண்டும்.

சுருக்கத்தைத் தமிழில் கொடுத்தால் போதுமா? திரையில் காட்டுவதும் தமிழில் இருக்க வேண்டாமா? அங்கே வருகிற மீனவருக்குத் தெரிய வேண்டியது நாலே நாலு விஷயம். என் வீடு எங்கே, ஆலை எங்கே? புகை எந்தப் பக்கம் போகும்? சுடுநீர் ஆற்றில் எங்கே விழும்? நான் வலை போடும் இடம் என்ன ஆகும்? ஒரு வரைபடத்தில் வீட்டுச் சின்னம் போட்டு "எர்ணாவூர்", "காட்டுக்குப்பம்" என்று எழுதி, கொசஸ்தலை ஆற்றை நீலத்தில் காட்டி, ஆலைக்குப் புகைபோக்கிச் சின்னம் வைத்து, தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதினால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

காற்று மாசுக் கணக்கும் அப்படியே. "மைக்ரோகிராம்" என்றால் யாருக்குப் புரியும்? 2014-ல் மத்திய அரசு காற்றுத் தரக் குறியீட்டைக் கொண்டுவந்தபோது, ஒரு எண், ஒரு நிறம், ஒரு விளக்கம் என்ற கொள்கையை வைத்தது. நல்லது முதல் கடுமை வரை ஆறு படிகள். மணலியிலும் காற்றை அளக்கிற நிலையம் இருக்கிறது. அரசாங்கமே இப்படிச் சுலபமாகச் சொல்லும்போது கம்பெனிச் சிலைடுக்கு மட்டும் ஏன் அந்தக் கஷ்டமான பாஷை? புரியாமல் இருப்பதே சௌகரியம் என்று யாராவது நினைக்கிறார்களா? இந்தச் சந்தேகம் ஜனங்களுக்கு வருவது கம்பெனிக்கும் நல்லதல்ல.

பேச்சும் எழுத்தாக வேண்டும்

சிலைடோடு வீடியோவும் காட்டுகிறார்கள். அதில் பேசுவதைத் திரையின் ஓரத்தில் எழுத்தாகவும் ஓடவிட வேண்டும். காது கேளாதவர்களுக்கு அது அவசியம். அமெரிக்காவில் காது கேளாதவர்களுக்காக எழுத்துப் போட்ட சினிமாப் படங்கள் வழங்க 1958-லேயே சட்டம் வந்தது. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. மின்னணு ஊடகங்களில் எழுத்து வரியும் சைகை மொழியும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. இரைச்சல் மிகுந்த ஆலைகளில் பல வருஷம் வேலை பார்த்துக் காது மந்தமான தொழிலாளிகள் வட சென்னையில் கொஞ்சமா? அவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு "கேட்கவில்லை" என்று சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள்.

புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்கும் இதில் பெரிய லாபம். குஜராத் தூரதர்ஷனில் 1999-ல் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி ஒன்றில், பாடுகிற மொழியிலேயே பாட்டின் வரிகளைத் திரையில் போட்டார்கள். பிரிஜ் கோத்தாரி என்பவரின் யோசனை அது. பாட்டு மனப்பாடம், எழுத்து கண் முன்னே. காதில் விழும் சொல்லைக் கண் தேடிப் பிடிக்கும். அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் தங்களை அறியாமலே படிக்கப் பழகுவதற்கு இது ஒரு வழி. அதன் பிறகு பல மாநிலங்களில் அந்த முறையைப் பின்பற்றினார்கள். காசிமேட்டுக் கூட்டத்தில் "ஈரத் துணி" என்று ஒருவர் சொல்லும்போது அதே எழுத்து திரையில் தெரிந்தால், முதியோர் வகுப்பில் படித்த பாட்டி அதை விரலால் காட்டிப் படிப்பாள்.

பேசப் பேசத் தானே எழுதிக்கொள்ளும் கம்ப்யூட்டர் வசதியும் வந்துவிட்டது. தமிழிலும் உண்டு. ஆனால் ஊர்ப் பெயரிலும் மருந்துப் பெயரிலும் அது தடுமாறும். "மூடுங்கள்" என்பது "மூடாதீர்கள்" என்று வந்துவிட்டால் என்ன ஆவது? யாராவது ஒருவர் படித்துத் திருத்திய பிறகே காட்ட வேண்டும்.

மாவட்ட நிர்வாகமும் தொழிற்சாலைப் பாதுகாப்பு இலாகாவும் மீன்வளத் துறையும் சேர்ந்து ஒரு காரியம் செய்யலாம். வாயுக் கசிவு, புயல், தீ, எண்ணெய்க் கசிவு இந்த நான்குக்கும் பொதுவான சின்னங்களையும் தமிழ் விளக்க வரிகளையும் தயாரித்து ஒரே தொகுப்பாக வெளியிடட்டும். ஆலைக்கு ஒரு படம், ஆஸ்பத்திரிக்கு ஒரு படம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு படம் என்று இருக்க வேண்டாம். எண்ணூரில் பார்த்த அதே ஈரத் துணிப் படத்தை ராயபுரம் ரெயில் நிலையத்திலும் பார்க்க வேண்டும். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரெயில் புறப்பட்ட அந்தப் பழைய நிலையத்தின் சுவரில் ஒன்று, காசிமேடு ஏலக் கூடத்தில் ஒன்று, ரேஷன் கடைகளில் ஒவ்வொன்று. சிலைடில் அரை நிமிஷம் பார்த்ததை ஜனங்கள் அங்கே நின்று தினமும் பார்க்கலாம்.